வளவுக்குள் வந்த கப்பல் பலகை

அந்தோணி மச்சானை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

கோட்டையூரில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக்கொண்டே போய் அந்தப் பெரிய வீட்டின் வளவுக்குள் நுழைந்தேன். முற்றத்தில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தார். தலை, புருவம், மீசை, கை ரோமம் எல்லாம் வெள்ளை. எவரோ வயதான ஆசாரி போலிருக்கிறது என்று நினைத்து, மச்சான் எங்கே என்று அவரிடமே கேட்கப் போனேன்.

"வாங்க மாப்ள! எப்ப வந்தீக? பாத்தீகளா, ஒங்க கப்பலக் கோட்டையூருக்கே கொண்டாந்துட்டோம்!"

குரல்தான் மச்சானுடையது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட முழுசாக ஆகியிருக்காது. சிரித்தபோது உதட்டு ஓரத்திலிருந்து பொடி உதிர்ந்தது. முற்றத்தில் சாய்வாக விழுந்த வெயிலில் அந்தப் பொடி கீழே இறங்காமல் மிதந்துகொண்டே இருந்தது.

அவர் அறுத்துக்கொண்டிருந்த பலகையை எனக்குத் தெரியும். அதன் பின்பக்கத்தில் கேபின் நம்பர் கறுப்பு மையில் அச்சாகியிருந்தது. அந்தப் பொடி என்ன பொடி என்பதும் எனக்குத் தெரியும். அங்கே நின்றிருந்தவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

போன வாரத் தொடரில் எங்களைக் கடலிலேயே விட்டுவிட்டு முடித்துவிட்டீர்களே என்று ஒரு வாசகர் செல்லமாகக் கோபித்திருந்தார். இந்த வாரம் கரைக்கு வந்துவிட்டேன். வந்திருக்க வேண்டாம் என்று நினைக்கிற கரை இது.

ஆணி அடிக்கக் கூடாத வீடு

அந்தோணி மச்சான் என் அக்கா செசிலியின் வீட்டுக்காரர். மரவேலைக்காரர். காரைக்குடியில் குடியிருந்தார்கள். கைவேலை சுத்தம், ஆனால் வேலைதான் வராது. அந்தச் சமயத்தில் செட்டிநாட்டு வீடுகளில் மரத்தைக் கழற்றி விற்கிறவர்கள் இருந்தார்கள், புதிதாகச் செய்யச் சொல்கிறவர்கள் குறைவு. வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அக்கா மீன் வாங்குவாள். அதை வைத்தே அந்த வீட்டின் நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

கோட்டையூர் வீடு விசாலாட்சி ஆச்சியுடையது என்று ஊரில் சொல்வார்கள். ஆச்சி ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அதில் ஒரு பங்குதான். மீதிப் பங்குக்காரர்கள் மதராஸிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் எல்லாரும் வந்து இறங்குவார்கள். மற்ற நாளெல்லாம் ஆச்சி ஒருத்தர்தான் அத்தனை பெரிய வீட்டில்.

வயதாகிவிட்டது. வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒரு மூலையை அடைத்து, கட்டிலும் அடுப்பும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி ஓர் அறை வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. செங்கல் வைத்துக் கட்டினால் பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். மரத்தட்டி என்றால் கரையான். இரண்டையும் விடப் பெரிய சங்கடம், அந்த வீட்டில் ஆணி அடிக்க முடியாது. தூண் தேக்கு, எல்லாப் பங்குக்கும் பொது. சுவர் முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சாந்து, அதுவும் பொது.

"அந்தோணி, தூணுல ஒத்த ஆணித்தடம் விழுந்தாலும் மலேசியாவுலருந்து போன் வந்துரும், பாத்துக்க" என்று ஆச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இதற்கென்றே செய்த மாதிரி இருந்தது கப்பல் பலகை. கப்பலில் கேபின் தடுப்புகளை ஆணி வைத்து அடிப்பதில்லை. மேலும் கீழும் தகரத்தில் காடிப் பள்ளம் இருக்கும். பலகையை அதற்குள் நழுவவிட்டால் நிற்கும். பங்காளிகள் முகம் சுளித்தால் அரை நாளில் உருவி எடுத்துவிடலாம். கரையான் தொடாது, நெருப்புப் பிடிக்காது. மச்சான் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டுப் பலகைமேல் சூடத்தை ஏற்றிக் காட்டுவார். சூடம் எரிந்து தீரும். பலகையில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும்.

"எங்க மாப்ள ஓட்டுன கப்பல்ல இருந்தது" என்பார் பெருமையாக. நான் கப்பலை ஓட்டவில்லை, கீழே இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு ஏறாது.

ஒரு சிபாரிசுக் கடிதம்

அந்தப் பலகை காரைக்குடிக்கு எப்படி வந்தது என்று கேட்டால், என் கடிதத்தால் வந்தது.

கோட்டையூர் போகிற ரோட்டில் சாகுல் பாய் கடை வைத்திருந்தார். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற ஊரில் அவர் கடை மட்டும் தனி தினுசு. மற்ற கடைகளில் தஞ்சாவூர்ப் படமும் பித்தளைக் குத்துவிளக்கும் இருக்கும். இவர் கடையில் வட்டக் கண்ணாடி ஜன்னல், கப்பல் கதவு, இரும்புக் கட்டில், எவனோ ஒரு வெள்ளைக்காரன் படுத்த மெத்தை. மேற்குக் கரையில் கப்பல் உடைக்கிற கடற்கரைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை போய் லாரி பிடித்துக் கொண்டுவருவார்.

அதற்கு முந்தைய விடுமுறையில் நான் கடைப்பக்கம் போனபோது டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஒங்க கப்பல ஒடைக்கப் போறாகளாம்ல? ஒங்க கம்பெனிப் பக்கம் நமக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தீகன்னா, மொத ஆளா நல்ல சாமானாப் பாத்து எடுத்துருவேன்."

ஊர்க்காரர் கேட்கிறார். நான் கப்பலில் ஏறிய முதல் வருஷம் அக்காவுக்குப் பிரசவச் சிக்கல் வந்தபோது, சொல்லி அனுப்புமுன் கார் அனுப்பிய மனுஷன். கப்பலை விற்றுக்கொடுக்கிற ஏஜெண்டுக்கு எழுதினேன். பித்தளையும் தேக்குக் கதவும் எடுப்பார் என்று நினைத்தேன். எழுதும்போது பலகை என் நினைப்பிலேயே இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ.

ஆறாவது கேள்வி

அந்தக் கப்பல் நம் நாட்டிலேயே கட்டியது. கிழக்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, நம் கொடியோடு ஓடியது. நான் அதில் ஜூனியராக ஏறி செகண்ட் இன்ஜினியர் ஆனவன். கடைசிப் பயணத்தில் பாதி ஆட்களைத்தான் வைத்திருந்தார்கள். சீஃப் இன்ஜினியர் முந்தின துறைமுகத்திலேயே இறங்கிப் போய்விட்டார். அதனால் அவர் போட வேண்டிய கையெழுத்துகள் என் தலையில் விழுந்தன.

கப்பல் உடைக்கிற கடற்கரையில் ஆட்கள் சாகிறார்கள், விஷம் கலக்கிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். வெளிநாடுகளில் சத்தம், நம் நாட்டுக் கோர்ட்டில் வழக்கு. சட்டம் முழுசாக வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் ஒரு படிவம் வந்து சேர்ந்துவிட்டது. கப்பலில் என்னென்ன அபாயமான பொருள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறாவது கேள்வி கல்நார்: இருக்கிறதா, எங்கே, எவ்வளவு.

கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தான். கூரைத் தகடாக எல்லாருக்கும் தெரியும். கூரையில் அது சிமெண்டோடு இறுகிக் கிடக்கும். கப்பல் பலகையில் அப்படி இல்லை. ரம்பம் பட்டால் பஞ்சாகப் பிரிந்து பொடியாகும், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

அதைக் கப்பலில் வைக்கச் சொன்னதும் ஒரு சட்டம்தான் என்பது தெரிந்தால் சிரிப்பீர்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடம் கிடையாது. ஆகவே தீப்பிடிக்காத தடுப்பு வேண்டும் என்று விதி. விதிப்படி எங்கள் தளத்துக்காரர்கள் அந்தப் பலகையைப் பொருத்தினார்கள். ஒரு விதி உள்ளே கொண்டுவந்ததை இன்னொரு விதி வெளியே எடுக்கச் சொன்னது. எடுத்து எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்று மட்டும் எந்த விதியும் சொல்லவில்லை.

நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குக் கம்பெனி சூப்பிரண்டெண்ட் படகில் வந்தார். மதராஸ்காரர், கெட்டவர் இல்லை. ஆறாவது கேள்வியில் என் பேனா நிற்பதைப் பார்த்தார்.

"என்ன யோசிக்கறீங்க செல்வம்?"

"சார், இன்ஜின் ரூம் பைப் பூராவும் கல்நார் சுத்தியிருக்கு. கேபின் பலகை எல்லாமே அதுதான். டிராயிங்லயே போட்டிருக்கு."

"எனக்குத் தெரியாதா? இருக்குன்னு எழுதுங்க, வேணாங்கல. வாங்கறவன் பேரத்தை விட்டுட்டுப் போயிடுவான். ஏற்கெனவே நம்ம கப்பல் ரெண்டு பேப்பர் சரியில்லன்னு வெளியில கெடக்கு. இதுவும் சேந்து கெடக்கும். இத வித்த பணத்துலதான் யார்டுல புதுக் கப்பலுக்குத் தவணை கட்டணும். கீல் போட்டுக் கட்ட ஆரம்பிச்சாச்சு. தவணை போகலன்னா வேலைய நிறுத்திடுவாங்க. அங்க வெல்டிங் அடிக்கிறவன் வீட்டுல அடுப்பெரியறது இப்ப உங்க பேனாவுலதான் இருக்கு."

நான் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

"பழைய கப்பல் போனாத்தான் புதுக் கப்பல். புதுக் கப்பல் வந்தாத்தான் உங்களுக்கும் எனக்கும் வேலை. எப்படியும் இந்த ஒடைக்கறவங்க கைல கெடச்சதை வெட்டத்தான் போறாங்க. நீங்க எழுதுறதால ஒரு பொடி கூடாது, கொறையாது."

'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் சேர்த்து அரை நிமிஷம் ஆகியிருக்காது.

மறுநாள் ஓதம் ஏறியபோது, உடைப்பதற்காகக் கப்பலை முழு வேகத்தில் கரையில் ஏற்றினோம். வயிறு மணலில் உரசுகிற சத்தம் இன்ஜின் ரூமில் நிற்கிறவனுக்குத்தான் நன்றாகக் கேட்கும். நான் இன்ஜினை நிறுத்தினேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் மறுபடி ஓட்டச் சொல்லாத நிறுத்தம். அழுகை வந்தது. அது கப்பலுக்காக என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

நீலக்கரைத் துண்டு

மறுபடி கோட்டையூர் வளவுக்கு வருகிறேன். மச்சான் ரம்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார், ஆச்சி நாற்காலியில். நான் வாசல்படியில்.

சொல்லியிருக்கலாம். 'மச்சான், நிறுத்துங்க, இது நெஞ்சுக்கு ஆகாது' என்று ஐந்து வார்த்தை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ வருஷம் எனக்கே கணக்குக் காட்டிப் பார்த்துவிட்டேன்.

சொன்னால் ஆச்சி வேலையை நிறுத்துவார்கள். இந்த வேலையைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று வீட்டில் மச்சானை வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டில் அந்த மாதம் மீன் குழம்பு வாசனை அடிக்கடி வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்துதான் இல்லை என்று கையெழுத்துப் போட்டாயா என்பது அடுத்த கேள்வியாக வரும். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் என் கப்பல் வேலையும் போகும். இதில் எது முதல் காரணம், எது கடைசி என்று வரிசைப்படுத்த எனக்கு இன்றைக்கும் தைரியம் இல்லை.

பையிலிருந்து என் துண்டை எடுத்தேன். கப்பலில் கொடுத்த வெள்ளைத் துண்டு, இரண்டு பக்கமும் நீலக்கரை.

"மச்சான், பொடி மூக்குல ஏறுது பாருங்க. இதக் கட்டிக்கிட்டு அறுங்க."

"இந்தப் பொடி என்ன மாப்ள பண்ணிரும்? தேக்குப் பொடிக்கே தும்மாதவன் நான்."

"சொன்னாக் கேளுங்க மச்சான். எனக்காகக் கட்டுங்க."

மச்சான் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டார். ஆச்சி சிரித்தார்கள். "கொள்ளைக்காரன் கணக்கா இருக்க அந்தோணி" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். கடமையைச் செய்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனோம். மச்சான் கொல்லையில் சட்டை, வேட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படார் படாரென்று உதறினாள். கொல்லை முழுக்க வெள்ளையாகப் புகைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்.

"நேரா தண்ணிக்குள்ள போட்டா மாவாட்டம் கொழைஞ்சு ஒட்டிக்கிருது தம்பி. ஒதறிப்புட்டுப் போட்டாத்தான் வெளுக்குது" என்றாள் என்னிடம்.

நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மச்சானின் மூக்கைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் இருந்தேன். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கடையில் தொங்கிய கையெழுத்து

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மனசு கேட்கவில்லை. மச்சானிடம் பேச வாய் வராதவன், சாகுல் பாயிடம் பேசி வரத்தையே நிறுத்திவிடலாம் என்று போனேன். ஊரில் அந்தப் பலகைக்கு அப்போது அத்தனை கிராக்கி. அறை பிரிக்க, அடுப்புக்குப் பின்னால் வைக்க, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுக்க என்று பாய் மூன்றாவது லாரி இறக்கியிருந்தார். வேறு வேறு கப்பல்கள், பலகை ஒன்றுதான்.

"பாய், இந்தப் பலகை வேணாம். விட்டுருங்க."

"ஏன் தம்பி?"

"ஒடம்புக்கு ஆகாதுங்கறாக."

பாய் எழுந்துபோய்க் கல்லாவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதம் தொங்கியது. என் கப்பலின் படிவம். ஆறாவது கேள்வி, அதற்கு என் பதில், அடியில் என் கையெழுத்து.

"யுனிவர்சிட்டில இருந்து ஒரு சார் வந்தாக. இதுல ஆஸ்பெட்டாஸ் இருக்குமே பாய்ன்னாக. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. ஏஜெண்டுக்கு எழுதிப் போட்டேன், அவுக இந்த நகல அனுப்புனாக. பாத்தா நம்ம தம்பி கையெழுத்து! யாரு கேட்டாலும் இதத்தான் காட்டுறேன். ஊரானா எழுதுனான், நம்ம செல்வம் எழுதுனதுங்கறேன்."

கம்பெனிக்காக, தளத்துக்காக, எங்கேயோ இருக்கிற வெல்டர் குடும்பத்துக்காக என்று எழுதிய பொய். அது என் ஊருக்கு வந்து, என் பெயரைச் சொல்லியே என் சனத்துக்கு உத்தரவாதமாகிவிட்டது.

பாய் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, இது பொய்யா? பொய்யின்னா இப்பவே சொல்லிருங்க. இருக்குற பலகையக் குழி தோண்டிப் பொதச்சுப்புட்டு வேற யாவாரம் பாத்துக்குவேன். ஹராமான காசு எனக்கு வேணாம். தெரிஞ்சாச் சொல்லுங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவன் வழிவிட முடியாது.

"சரியாத் தெரியல பாய்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்பறம் என்ன, படிச்சவுக ஆயிரம் சொல்லுவாக. டீ சாப்புடுங்க" என்றார். குடித்தேன்.

பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் உண்மையைத்தான் எழுதினேன் என்று நம்பிக்கொண்டே போனார்.

புல் முளைத்த தளம்

அந்தப் புதுக் கப்பல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

தொண்ணூறுகள் முடியும் முன்பே ஒரு தடவை வேறு வேலையாக அந்தத் தளத்துக்குப் போனேன். கீல் போட்ட இடத்தில் இரும்புத் தகடுகள் துருப்பிடித்துக் கிடந்தன, இடுக்கில் புல். விற்ற பணம் போதவில்லை என்று முதலில் தள்ளிப்போட்டார்கள், பிறகு ஆர்டரையே விட்டுவிட்டார்கள். படிவச் சிக்கலில் மாட்டிய மற்ற இரண்டு கப்பல்களும் நங்கூரத்திலேயே கிடந்து, காவல் சம்பளத்தைத் தின்று, அடிமாட்டு விலைக்குப் போயின. கம்பெனி வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய கப்பலை வாங்கி நம் கொடியைக் கட்டிக்கொண்டது. அதற்குள்ளும் அதே பலகை. கேன்டீனில் ஒரு வெல்டர் சொன்னார், பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள் என்று. என் 'இல்லை' அவர்கள் யாருடைய அடுப்பையும் எரிக்கவில்லை.

சிறிது நாளில் எங்களையும் அனுப்பிவிட்டார்கள். நான் வேற்று நாட்டுக் கொடிக் கப்பலுக்குப் போனேன்.

சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நல்ல சட்டம்தான். பலகையைக் கழற்ற ஆள், புதைக்க இடம், அதற்கான செலவை யார் தலையில் போடுவது என்பது எதையும் யோசிக்காமல் காகிதத்தை மட்டும் அனுப்பினார்கள். காகிதத்துக்குக் காகிதத்தால் பதில் சொன்னோம்.

காரைக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் அந்தக் காலத்துக் கப்பல் பலகை இருந்தால், பின்பக்கம் நம்பர் இருக்கும். தயவுசெய்து அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். விசாலாட்சி ஆச்சியின் அறை இன்னும் அப்படியே நிற்கிறது. ஓர் ஆணித்தடம் இல்லை.

மதுரையில்

இருபது வருஷத்துக்கு மேல் நான் மச்சானின் நெஞ்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் இருமினால் எனக்குத் தூக்கம் போகும். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி எக்ஸ்ரே எடுக்க வைப்பேன். "மாப்ளைக்கு என் மேல என்ன பாசம்" என்று ஊரெல்லாம் சொல்லுவார். படம் ஒவ்வொரு தடவையும் சுத்தமாகவே இருந்தது.

மூச்சு வாங்க ஆரம்பித்தது அக்காவுக்கு.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சில் நீர் கோத்தது, எடுத்தார்கள், மறுபடி கோத்தது. சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று. ஒருநாள் காலையில் டாக்டர் கட்டில் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டார். சின்ன வயசுப் பெண், பொறுமையானவர்.

"இவங்க ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி, கப்பல் உடைக்கிற இடம், அந்த மாதிரி எங்கயாவது வேலை பாத்திருக்காங்களா?"

மச்சானுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"கப்பலா? அவ கடலையே வேளாங்கண்ணியில வச்சுத்தான் பாத்திருக்கா டாக்டர். வீட்ட விட்டு எங்குட்டும் போனதில்ல. சமைச்சா, துணி தொவைச்சா. அம்புட்டுத்தான். அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

டாக்டர் குனிந்தார். 'இல்லை' என்று எழுதப் போகிறார் என்பது பேனா போன இடத்திலிருந்தே தெரிந்தது.

"இருக்கு டாக்டர்" என்றேன்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல், அந்தத் தாளைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, படிவம், பாய் கடை, கையெழுத்து, கொல்லையில் உதறிய துணி. துணி துவைக்கிறவர்களுக்கும் இது வரும், அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறார்கள் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். மச்சான் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறந்தாள். மூக்கில் குழாய் இருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"அதுக்குத்தான் அன்னைக்கு அவுகளத் துண்டு கட்டச் சொன்னியா தம்பி?"

"ஆமாக்கா."

மூக்குக் குழாயைச் சற்று விலக்கிக்கொண்டு சொன்னாள்.

"அந்த நீலக்கரைத் துண்டையும் நாந்தானப்பா ஒதறுனேன்."